ஈவுத்தொகையா, பங்குகளைத் திரும்பப் பெறுவதா? நிறுவனங்கள் முடிவெடுக்கும் விதம்

ஒரு நிறுவனம் ஓராண்டில் ஈட்டிய வருவாயிலிருந்து செலவு, வட்டி, தேய்மானம், வரி ஆகியவை போக எஞ்சுவது பங்குதாரர்களுக்கு உரியது. ஆயினும் அந்தத் தொகை முழுவதும் அவர்கள் கைக்கு வந்து சேர்வதில்லை. ஒரு பகுதி புதிய ஆலை, இயந்திரம், ஆய்வு என மீண்டும் தொழிலுக்கே செல்கிறது. ஒரு பகுதி கடனை அடைக்கப் பயன்படுகிறது. இவற்றுக்குப் பிறகும் பணம் மிஞ்சினால் அதைப் பங்குதாரர்களிடம் ஒப்படைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நாம் நெடுங்காலமாக அறிந்த ஈவுத்தொகை. மற்றொன்று, நிறுவனம் தன் பங்குகளைத் தானே விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது. சந்தையில் இதனைப் 'பைபேக்' என்றே பலரும் குறிப்பிடுகின்றனர்.

வங்கி வைப்புத்தொகையுடன் சில நிறுவனப் பங்குகளையும் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஈவுத்தொகை தானாகவே வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பைபேக் அப்படியன்று. அறிவிப்பு வந்ததும் பங்குதாரர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே. சில வேளைகளில் அதற்கு விலையும் உண்டு. அந்த விலை எவ்வாறு ஏற்படுகிறது, இரண்டு வழிகளில் ஒன்றை நிறுவனங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 1 கோடி பங்குகளை வெளியிட்டுள்ளது. ஒரு பங்கின் சந்தை விலை 100 ரூபாய் என்று கொள்வோம். நிறுவனத்தின் மொத்த மதிப்பு 100 கோடி ரூபாய். அதில் 10 கோடி ரூபாய் தொழிலுக்குத் தேவைப்படாத ரொக்கம். உங்களிடம் 100 பங்குகள் உள்ளன. அவற்றின் மதிப்பு 10,000 ரூபாய்.

நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் ஈவுத்தொகை வழங்கினால் உங்களுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் நிறுவனத்தின் கையிலிருந்து 10 கோடி வெளியேறிவிட்டதால் அதன் மதிப்பு 90 கோடியாகவும், பங்கின் விலை 90 ரூபாயாகவும் குறையும். உங்களிடம் இப்போது 9,000 ரூபாய்ப் பங்குகளும் 1,000 ரூபாய் ரொக்கமும் இருக்கும். கூட்டினால் அதே 10,000.

அதே 10 கோடியைக் கொண்டு நிறுவனம் 100 ரூபாய் விலையில் 10 லட்சம் பங்குகளைத் திரும்பப் பெற்று நீக்கிவிட்டால், மீதமுள்ள 90 லட்சம் பங்குகளின் மதிப்பு 90 கோடி. பங்கின் விலை 100 ரூபாயிலேயே நிற்கும். நீங்கள் 10 பங்குகளை ஒப்படைத்திருந்தால் கையில் 1,000 ரூபாயும், 9,000 ரூபாய் பெறுமான 90 பங்குகளும் இருக்கும். ஒன்றையும் ஒப்படைக்காமல் இருந்திருந்தால் 10,000 ரூபாய் பெறுமான 100 பங்குகள் இருக்கும்.

ஆக, வரியும் செலவும் இல்லாத உலகில் இரண்டு வழிகளும் ஒன்றே. மெர்ட்டன் மில்லர், ஃபிராங்கோ மொடிக்லியானி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 1961-இல் இதனை முறைப்படி நிறுவினர். ஈவுத்தொகை புதிதாகப் பிறந்த செல்வம் அன்று, பைபேக்கும் அன்று. இரண்டும் பங்குதாரருக்கு ஏற்கெனவே சொந்தமான பணத்தை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றுபவை. ஆனால் நடைமுறை உலகில் வரி உண்டு. விலை எப்போதும் சரியாக அமைவதில்லை. எல்லாப் பங்குதாரர்களும் ஒரே நிலையில் இருப்பதுமில்லை. நிறுவனங்களின் தேர்வு இந்த மூன்றிலிருந்தே பிறக்கிறது.

விலை சரியா என்பதே பைபேக்கின் உயிர்

மேற்கண்ட நிறுவனம் 100 ரூபாய்ப் பங்கை 125 ரூபாய் கொடுத்து வாங்குவதாக அறிவிக்கிறது என்று கொள்வோம். 10 கோடி ரூபாய்க்கு 8 லட்சம் பங்குகளே கிடைக்கும். எஞ்சிய 92 லட்சம் பங்குகளின் மதிப்பு 90 கோடி ரூபாய். அதாவது பங்கு ஒன்றுக்கு 97 ரூபாய் 83 காசு. தம் பங்குக்கு உரிய 8 பங்குகளை ஒப்படைத்தவருக்கு 1,000 ரூபாய் ரொக்கமும், 9,000 ரூபாய் பெறுமான 92 பங்குகளும் மிஞ்சும், அவருக்கு இழப்பில்லை. அறிவிப்பைப் பிரித்தும் பாராமல் ஒதுக்கி வைத்தவரின் 100 பங்குகளின் மதிப்போ 9,783 ரூபாய் ஆகிவிடும். அவர் இழந்த 217 ரூபாய், ஒப்படைத்தவர்களுக்கு வழங்கப்பட்ட கூடுதல் விலையில் அவர் செலுத்திய பங்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பங்கின் உண்மையான பெறுமதி 125 ரூபாயாக இருக்க, சந்தை அதனை 100 ரூபாய்க்கே மதிக்கிறது என்று கொள்வோம். அந்நேரத்தில் நிறுவனம் 100 ரூபாய்க்கு வாங்கினால், எஞ்சியிருப்போரின் பங்கு ஒவ்வொன்றின் உண்மைப் பெறுமதியும் ஏறத்தாழ 127 ரூபாய் 78 காசாக உயரும். விற்றவர் இழக்கிறார், இருப்பவர் பெறுகிறார்.

ஆகவே பைபேக் என்பது, நிறுவனம் தன் பங்கின் விலையைப் பற்றித் தானே கூறும் தீர்ப்பு. தீர்ப்பு சரியானால் நீண்டகாலப் பங்குதாரருக்கு நன்மை. தவறானால் அவருக்கே சேதம். ஈவுத்தொகையில் இந்தச் சிக்கல் இல்லை. விலை உயர்வாக இருந்தாலும் தாழ்வாக இருந்தாலும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரே தொகை கிடைக்கிறது. தன் பங்கு மலிவாக உள்ளது என்னும் உறுதி இயக்குநர் குழுவுக்கு இல்லையெனில் ஈவுத்தொகையே நேர்மையான வழி.

ஈவுத்தொகை ஒரு வாக்குறுதி

அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் லிண்ட்னர், 28 நிறுவனங்களின் மேலாளர்களைச் சந்தித்து உரையாடி 1956-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. மேலாளர்கள் ஒவ்வோராண்டும் இலாபத்தைப் பார்த்துப் புதிதாக ஈவுத்தொகையைத் தீர்மானிப்பதில்லை. சென்ற ஆண்டுத் தொகையிலிருந்தே அவர்கள் தொடங்குகின்றனர் என்று அவர் கண்டார். இலாபம் நிலையாக உயர்ந்துவிட்டது என்று நம்பினாலன்றி அவர்கள் ஈவுத்தொகையை உயர்த்துவதில்லை. உயர்த்தியதைக் குறைக்க நேர்வதை அவர்கள் பெரிதும் தவிர்க்க விரும்பினர்.

காரணம் வெளிப்படையானது. ஆண்டுதோறும் 20 ரூபாய் வழங்கிய நிறுவனம் திடீரென 12 ரூபாய் வழங்கினால், 'தொழிலில் ஏதோ கோளாறு' என்றே சந்தை பொருள் கொள்ளும். ஓய்வூதியத்தோடு ஈவுத்தொகையையும் சேர்த்துக் குடும்பச் செலவைத் திட்டமிடும் மூத்த குடிமக்களுக்கு அது நேரடி இழப்பாகும். எனவே, ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் உபரிக்கு ஈவுத்தொகை பொருந்தும்.

ஒரு பிரிவை விற்றதால் வந்த பணம், பல ஆண்டுகள் சேர்ந்துவிட்ட ரொக்கம் போன்றவை ஒருமுறை மட்டுமே வருபவை. இவற்றை வழக்கமான ஈவுத்தொகையில் கலந்தால் அடுத்த ஆண்டு அதே தொகையை வழங்க இயலாது. இத்தகைய உபரிக்குப் பைபேக் பொருந்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி சிறப்பு ஈவுத்தொகை. 'சிறப்பு' என்னும் அடைமொழியே, 'இதை அடுத்த ஆண்டும் எதிர்பார்க்க வேண்டாம்' என்னும் அறிவிப்பாகும்.

சட்டம் வகுத்த எல்லைகள்

இந்திய நிறுவனங்கள் தம் பங்குகளைத் தாமே வாங்குவதற்கு 1998 வரை பெரும்பாலும் இடமில்லை. அவ்வாண்டு இறுதியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின் வழியாகவே இம்முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளும் இதனை நெறிப்படுத்துகின்றன.

நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம், கட்டற்ற காப்பு நிதி இரண்டையும் சேர்த்த தொகையில் 10 சதவீதம் வரை இயக்குநர் குழுவே பைபேக் முடிவை எடுக்கலாம். அதற்கு மேல் 25 சதவீதம் வரை செல்ல, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பைபேக் முடிந்த பின் நிறுவனத்தின் கடன், அதன் சொந்த நிதியைப்போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. திரும்பப் பெற்ற பங்குகளை 7 நாள்களுக்குள் அழித்துவிட வேண்டும். ஒரு பைபேக்குக்கும் அடுத்ததற்கும் இடையே ஓராண்டு இடைவெளி தேவை.

ஈவுத்தொகைக்கும் விதிகள் உண்டு. தேய்மானத்தைக் கழித்த பின் எஞ்சும் இலாபத்திலிருந்தே அது வழங்கப்பட வேண்டும். இடைக்கால ஈவுத்தொகையை இயக்குநர் குழுவே அறிவிக்கலாம். இறுதி ஈவுத்தொகையைக் குழு பரிந்துரைக்க, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். அறிவித்த 30 நாள்களுக்குள் பணம் பங்குதாரருக்குச் சென்று சேர வேண்டும்.

இவற்றோடு சிறு முதலீட்டாளருக்கான ஒரு பாதுகாப்பும் உண்டு. பங்குதாரர்கள் ஒரு குறிப்பிட்ட விலையில் பங்குகளை ஒப்படைக்கும் டெண்டர் முறையில், வாங்கப்படும் பங்குகளில் 15 சதவீதம் சிறு பங்குதாரர்களுக்கென ஒதுக்கப்படுகிறது. பதிவுத் தேதியன்று அந்நிறுவனத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு மிகாத சந்தை மதிப்புள்ள பங்குகளை வைத்திருப்பவரே சிறு பங்குதாரர்.

வரி மாறினால் வழியும் மாறும்

இந்திய நிறுவனங்களின் தேர்வை மிகுதியாகத் திசைதிருப்பியது வரிச் சட்டமே எனலாம். 1997-இல் ஈவுத்தொகைப் பகிர்வு வரி அறிமுகமானது. இடையில் ஓராண்டு நீங்கலாக 2020 மார்ச் வரை, நிறுவனமே இவ்வரியைச் செலுத்தியது. பங்குதாரர் கைக்கு வந்த ஈவுத்தொகைக்குப் பொதுவாக வரி இல்லை. 2016-17 நிதியாண்டில், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈவுத்தொகை பெறுவோருக்குக் கூடுதலாக 10 சதவீத வரி விதிக்கப்பட்டது. அப்போது, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பைபேக்குக்கு நிறுவன அளவில் தனி வரி இல்லை.

இந்தப் பின்னணியில் 2017-ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. டி.சி.எஸ். நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 2,850 ரூபாய் விலையில் 16,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளைத் திரும்பப் பெற்றது. இன்ஃபோசிஸ் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, பங்கு ஒன்றுக்கு 1,150 ரூபாய் வீதம் 13,000 கோடி ரூபாய்க்குப் பைபேக் மேற்கொண்டது.

2019 ஜூலையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பைபேக்குக்கும் 20 சதவீத வரி விதிக்கப்பட்டது. மேல்வரிகளும் சேர்ந்து அது சுமார் 23.3 சதவீதம் ஆனது. இதையும் நிறுவனமே செலுத்தியது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைப் பகிர்வு வரி நீக்கப்பட்டு, ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தில் சேர்ந்து அவரவர் வரிப் படிநிலைக்கேற்ப வரிக்கு உட்பட்டது. உயர்ந்த படிநிலையில் உள்ள பெரும் பங்குதாரர்களுக்குப் பைபேக் மீண்டும் இலாபகரமாயிற்று.

2024 அக்டோபர் 1 முதல் நிலைமை தலைகீழானது. பைபேக்கில் பங்குதாரர் பெறும் முழுத் தொகையும் ஈவுத்தொகையாகவே கருதப்பட்டது. பங்கை வாங்கிய விலை மூலதன இழப்பாகக் கணக்கிடப்பட்டது. பிறகு 2026 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், எல்லாப் பங்குதாரர்களுக்கும் பைபேக்கை மூலதன ஆதாயமாகவே கருதி வரி விதிக்கும் முன்மொழிவு வெளியானது. புரமோட்டர்கள் எனப்படும் முதன்மை உரிமையாளர்களுக்கு மட்டும் கூடுதல் வரி; நிறுவனமாக இருப்பின் மொத்தம் 22 சதவீதம், மற்றவருக்கு 30 சதவீதம்.

இம்மாற்றங்களின் தடத்தை டி.சி.எஸ். அறிவிப்புகளில் காணலாம். 2023 ஜனவரியில் அந்நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 67 ரூபாய் சிறப்பு ஈவுத்தொகை அறிவித்தது. அவ்வாண்டு இறுதியில் 4,150 ரூபாய் விலையில் 17,000 கோடி ரூபாய்க்குப் பைபேக் நடத்தியது. அடுத்த மாதம், 2024 ஜனவரியில் அறிவித்த சிறப்பு ஈவுத்தொகை 18 ரூபாய் மட்டுமே. வரி மாறிய பின், 2025 ஜனவரியில் சிறப்பு ஈவுத்தொகை மீண்டும் 66 ரூபாய் ஆனது. பைபேக் தொகையை அன்றிருந்த ஏறத்தாழ 366 கோடி பங்குகளால் வகுத்தால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 46 ரூபாய் வரும். அதனுடன் 18-ஐக் கூட்டினால் 64. மூன்று ஆண்டுகளிலும் நிறுவனம் ஒதுக்கிய தொகை ஏறக்குறைய ஒன்றே. அது சென்ற வழிதான் வேறு.

ஒரே அறிவிப்பு, இருவேறு பலன்

2025 செப்டம்பரில் இன்ஃபோசிஸ், பங்கு ஒன்றுக்கு 1,800 ரூபாய் விலையில் 10 கோடி பங்குகளை 18,000 கோடி ரூபாய்க்குத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அது அன்றைய சந்தை விலையைவிடச் சுமார் 19 சதவீதம் அதிகம். நந்தன் நீலேகணி, சுதா மூர்த்தி உள்ளிட்ட புரமோட்டர் குழுவினர் இதில் பங்கேற்கப் போவதில்லை என்று தெரிவித்தனர். சிறு பங்குதாரர்களுக்கு ஒவ்வொரு 11 பங்குகளுக்கும் 2 பங்குகளும், ஏனையோருக்கு ஒவ்வொரு 706 பங்குகளுக்கும் 17 பங்குகளும் உரிமையாக நிர்ணயிக்கப்பட்டன. சிறு பங்குதாரருக்கு இது ஏறத்தாழ 18 சதவீதம், மற்றவர்களுக்கு 2.4 சதவீதம். 15 சதவீத ஒதுக்கீட்டின் வலிமை இவ்விடத்தில் நன்கு புலப்படும்.

அப்போதைய வரி விதிப்பின்படி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவரிடம் 110 பங்குகள் உள்ளன. பல ஆண்டுகளுக்கு முன் பங்கு ஒன்றை 1,000 ரூபாய்க்கு வாங்கியவர். சந்தை விலை 1,500 என்று கொள்வோம். அவருடைய உரிமை 20 பங்குகள். ஒப்படைத்தால் 36,000 ரூபாய் கிடைக்கும். அவற்றைச் சந்தையில் விற்றால் 30,000 ரூபாய்.

அவர் வருமான வரி செலுத்தும் நிலையில் இல்லாத மூத்த குடிமகன் எனில் 6,000 ரூபாயும் முழு இலாபம். அவர் 30 சதவீத வரிப் படிநிலையில் உள்ளவர் எனில், 36,000 ரூபாய்க்கும் மேல்வரி உட்பட 31.2 சதவீதம், அதாவது 11,232 ரூபாய் வரி. கையில் நிற்பது 24,768 ரூபாய். 20,000 ரூபாய் மூலதன இழப்பை வேறு நீண்டகால ஆதாயத்தில் கழித்து 2,500 ரூபாய் மிச்சப்படுத்தினாலும் மொத்தம் 27,268 தான். அவருக்குச் சந்தையில் விற்பதே மேல். பைபேக் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

அரசு நிறுவனங்களும் வங்கிகளும்

பொதுத்துறை நிறுவனங்களில் பெரும் பங்குதாரர் மத்திய அரசு. அரசுக்கு ஈவுத்தொகை ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் வருவாய் ஆதலால், இங்குத் தேர்வு முழுவதும் இயக்குநர் குழுவின் கையில் இல்லை. 2024 நவம்பரில் வெளியான வழிகாட்டுதலின்படி, இந்நிறுவனங்கள் வரிக்குப் பிந்தைய இலாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதனைக் குறைந்தபட்ச ஈவுத்தொகையாக வழங்க வேண்டும். சந்தை விலை 6 மாதங்களாகத் தொடர்ந்து புத்தக மதிப்புக்குக் கீழே இருந்து, நிகர மதிப்பு 3,000 கோடிக்கும் ரொக்கம் 1,500 கோடிக்கும் குறையாமல் இருந்தால் பைபேக்கைப் பரிசீலிக்கலாம். விலை மலிவாக இருக்கும்போதே வாங்க வேண்டும் என்னும் நெறி இங்கு விதியாகவே எழுதப்பட்டுள்ளது.

வங்கிகளின் நிலை வேறு. வங்கியின் மூலதனம் வைப்புதாரர்களின் பணத்துக்குக் காவல். ஆகவே வங்கிகள் எவ்வளவு ஈவுத்தொகை வழங்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு விதிக்கிறது. கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், 2019-20 நிதியாண்டு இலாபத்திலிருந்து மேற்கொண்டு ஈவுத்தொகை வழங்க வேண்டாம் என்று வங்கிகளுக்கு அது அறிவுறுத்தியது. பணத்தைப் பகிர்வதைவிடக் கையில் வைத்திருப்பதே பங்குதாரருக்கும் நல்லது என்னும் காலமும் உண்டு.

பாராட்டத்தக்க முடிவும் ஐயத்துக்குரிய முடிவும்

நல்ல இயக்குநர் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணத்துக்குத் தொழிலில் வேலை இருக்கிறதா என்பதே. இருந்தால் பகிர்வைப் பற்றிய பேச்சே எழாது. இல்லையெனில், உபரி ஆண்டுதோறும் வருவதா, ஒருமுறை வந்ததா என்பது அடுத்த கேள்வி. பங்கின் விலை மலிவா, உயர்வா என்பது மூன்றாவது. பங்குதாரர்களுள் பெரும்பாலோர் யார், அவர்கள் எவ்வளவு வரி செலுத்துவர் என்பது நான்காவது.

ஐயப்பட வேண்டிய நோக்கங்களும் உள்ளன. பங்குகளின் எண்ணிக்கை குறையும்போது, மொத்த இலாபம் உயராவிட்டாலும் ஒரு பங்குக்கான இலாபம் உயர்ந்து தோன்றும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் நிறுவனத்தின் இலாபம் 5 கோடி எனில், பங்கு ஒன்றுக்கு 5 ரூபாயாக இருந்த இலாபம், 90 லட்சம் பங்குகளானதும் 5 ரூபாய் 56 காசு ஆகும். உயர் அலுவலர்களின் ஊக்கத்தொகை இந்த அளவுகோலைச் சார்ந்திருந்தால், பைபேக்கில் அவர்களுக்குத் தனி ஆர்வம் பிறக்கலாம். ஊழியர்களுக்கு ஒருபுறம் புதிய பங்குகளை வழங்கிக்கொண்டே மறுபுறம் பைபேக் நடத்தினால், பங்குகளின் எண்ணிக்கை உண்மையில் குறையாமலே பணம் மட்டும் வெளியேறும். ஆண்டறிக்கையில் மொத்த இலாபம், பங்குகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பங்குதாரர் கவனிக்க வேண்டியவை

1. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் ஈவுத்தொகைப் பகிர்வுக் கொள்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. பங்கு வாங்கும் முன் அதனை ஒருமுறை வாசியுங்கள்.

2. ஈவுத்தொகைக்காக மட்டுமே பதிவுத் தேதிக்குச் சற்று முன் பங்கு வாங்குவதில் பயனில்லை. வழங்கும் தொகை அளவுக்கு விலை இறங்குவதே இயல்பு.

3. பைபேக் அறிவிப்பு வந்தால் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: விலை, பதிவுத் தேதி, உங்கள் உரிமைப் பங்குகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கக் கடைசி நாள். உரிமைக்கு மேலும் பங்குகளை ஒப்படைக்க முன்வரலாம்; பிறர் ஒப்படைக்காமல் விட்ட அளவுக்கு அவை ஏற்கப்படக்கூடும்.

4. ஒப்படைக்கும் முன், அந்நாளில் நடைமுறையிலுள்ள வரி விதியைச் சலுகைக் கடிதத்தில் பாருங்கள். உங்கள் வரிப் படிநிலைக்கு ஏற்பக் கணக்கிட்டு, தேவையானால் தணிக்கையாளரைக் கலந்தாலோசியுங்கள்.

5. டீமேட் கணக்கில் பதிவான வங்கிக் கணக்கு எண் இன்றும் செயல்பாட்டில் உள்ளதா என்று சரிபாருங்கள். காகிதப் பங்குச் சான்றிதழ் வைத்திருப்போர், நிரந்தரக் கணக்கு எண் உள்ளிட்ட விவரங்களைப் பதிவு செய்யாவிட்டால் ஈவுத்தொகை நிறுத்தி வைக்கப்படும்.

6. ஏழு ஆண்டுகள் பெறப்படாத ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குச் சென்றுவிடும். தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகளும் அங்கே மாற்றப்படும். உரியவரோ வாரிசுகளோ விண்ணப்பித்து மீட்கலாம்; ஆயினும் வராமல் காப்பதே எளிது. வீட்டுப் பெரியவர்களின் பழைய சான்றிதழ்களைத் தேடிப் பார்த்து, நியமனதாரரையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஈவுத்தொகை அதிகம் வழங்கும் நிறுவனமே சிறந்தது என்றோ, பைபேக் அறிவித்தால் பங்கு விலை கட்டாயம் உயரும் என்றோ எண்ணத் தேவையில்லை. இரண்டும் உங்கள் பணமே உங்களிடம் திரும்பி வரும் வாயில்கள். ஒன்று தானாகத் திறக்கிறது. மற்றொன்றை உரிய நாளுக்குள் நீங்கள்தான் திறக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் மின்னஞ்சலுக்குச் சலுகைக் கடிதம் வரும்போது, அதனை மூடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள்.